சத்தத்தைக் கூட்டினால் பேச்சு புரியுமா? புரியாது

‘மண்டபத்தில் பேச்சு புரியவில்லையா, ரெண்டு ஸ்பீக்கர் சேர்த்து சத்தத்தைக் கூட்டுங்கள், போதும்’ என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து நம்பாதீர்கள்.

போன மாதம் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மைக்கில் சொன்னது ‘பந்தி’யா ‘பத்தி’யா என்றே தெரியாமல் என் பெரியப்பா கையைக் காதில் குவித்தபடி நின்றார், சத்தமோ காதைக் கிழித்தது. டைல்ஸ் தரை, கண்ணாடி, மொட்டைச் சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பும். முந்தின எழுத்தின் உயிரொலி அடங்குவதற்குள் அடுத்த மெய்யெழுத்து வந்துவிடும். மெல்லிய ‘த்’, ‘ந்’ ஒலிகள் அதில் மூழ்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு சேர்ந்து, திரும்பி வரும் ஒலியின் அந்த முழக்கமும் அதே அளவு கூடுகிறது, அப்புறம் எப்படிப் புரியும்?

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் ஒலி அடங்க சுமார் 5.5 விநாடி ஆனது, பேச்சுக்கு ஒரு விநாடிக்குள் அடங்கினால் நல்லது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போடப்போட முழக்கம் குறைந்தது.

கனமான திரை, மெத்தை, துளையிட்ட கூரைப் பலகை, இவைதான் வழி. ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்து வைக்காமல் ஆட்களை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள். பேசுபவரும் நிதானமாகப் பேசட்டும்.