அது சைக்கிள், அக்கா

ஞாயிற்றுக்கிழமையில இருந்து குரூப்பில சுத்துற, நம்மட பெடியன்ட அந்த ரெண்டு மூச்சுச் சோதனை ரிப்போட்டையும் எல்லாரும் பாத்திருப்பீங்கள். ஒட்சிசன் உச்ச அளவு, அதாவது முழு மூச்சில உடம்பு எடுக்கக்கூடிய ஆகக்கூடின ஒட்சிசன், போன வருசம் 52, இந்த வருசம் 47. உடன தீர்ப்பும் எழுதியாச்சு: பெடியன் பயிற்சிக்கு மட்டம் போட்டிருக்கிறான். அணியில பேரும் இல்லை.

ரெண்டும் ஒரே மெஷினா? படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ. முதலாவது டிரெட்மில், ரெண்டாவது சைக்கிள். அதே ஆளைச் சைக்கிள்ல ஏத்தினா ஒட்சிசன் உச்ச அளவு 5, 10 வீதம் குறைஞ்சுதான் வரும். பழக்கமில்லாதவனுக்கு இன்னும் குறையும், மூச்சு முட்ட முதலே தொடை விட்டிடும். 52இல பத்து வீதம் எவ்வளவெண்டு திருமலை ஏகாம்பரம் மைதானத்தில பந்து பொறுக்கிற சின்னனும் சொல்லும்.

நான் டாக்டர் இல்லை. (கொமென்டில ஞாபகப்படுத்தின அண்ணைக்கு நன்றி.) ஆனா கட்டாரில பதினொரு வருசம் மூச்சை அளக்கிற இந்த மெஷினோடதான் மாரடிச்சனான். காலமை 3 லீற்றர் சிரிஞ்சை இழுத்துத் தள்ளிக் காத்தோட்டத்தைச் சரிபாக்கோணும். பிறகு சிலிண்டர் வாயு, 16 வீதம் ஒட்சிசன், 5 வீதம் காபனீரொட்சைட்டு. பிறகு அறைக் காத்து, 20.93 வீதம் ஒட்சிசன். வெப்பம், ஈரப்பதன், அமுக்கம் எல்லாம் சரியா இருக்கோணும். மூச்சில மாதிரி எடுக்கிற மெல்லிய குழாயில ஒரு சொட்டு ஈரம் நிண்டாலே கணக்குப் பிழைக்கும். நம்மட நாட்டுப் புழுக்கத்தில சொல்லவா வேணும்! ஒருநாள் ஒராளுக்கு அளவு குறைஞ்சுகொண்டே போச்சு. மாஸ்க் ஓரம் கையை வைச்சன், தாடிக்கால வந்த சூடான மூச்சு மணிக்கட்டில பட்டது. நம்மட பெடியனும் இப்ப தாடி வைச்சிருக்கிறான், பாத்தனீங்களோ?

மெஷின் சரியோ எண்டு பாக்க மாதாமாதம் நாங்களே சைக்கிள்ல ஏறி மிதிப்பம். எங்கட உடம்புதான் படிக்கல். புது மெஷின் வந்த கிழமை அதே 100 வாற்ஸ், அதே நான், ஒட்சிசன் நிமிசத்துக்கு 200 மில்லிலீற்றர் கூடக் காட்டிச்சு. ஒரே கிழமையில வீரனாகிட்டன்! மேலதிகாரியிட்டச் சொன்னன். "ஓகேயை அமத்திப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு" எண்டார். அண்டைக்கும் நான் டாக்டர் இல்லைத்தானே.

"மெஷின்ல சேர்ட்டிபிக்கட் ஒட்டியிருக்கு" எண்டு ஒருத்தர். ஸ்டிக்கர் மூச்சு விடாது ஐயா. "அப்ப எதை வைச்சுத் தெரிவு செய்யிறது?" எண்டு இன்னொருத்தர். நியாயமான கேள்விதான். எல்லாரையும் ஒரே மெஷின்ல, ஒரே முறையில அளவுங்கோ. எத்தனை செக்கன் சராசரி எடுத்தனீங்கள் எண்டும் எழுதுங்கோ. மெஷினைச் சரிபாத்த கலிபிரேசன் பக்கத்தைப் போடுங்கோ. கேட்டு நாலு நாள், ஒருத்தரும் போடேல்ல. சிரிப்பு இமோஜி மட்டும் வந்தது.

சோதனைக்கெண்டு இரவு பஸ்ஸில நிமிந்திருந்து 260 கிலோமீற்றர் போய், ஒரு பணிசும் பிளேன்டீயும் குடிச்சிட்டு ஏறினவன் அவன். அங்க மற்றவங்கள் வீட்டில நித்திரை கொண்டு எழும்பி வாறாங்கள். இதை எந்த மெஷின் அளக்கும்?

நேற்று அவன்ட தாய் படலையடியில நிண்டு கேட்டா: "தம்பி, பிள்ளைக்கு நெஞ்சு வருத்தம் ஏதுமோ? நம்பர் குறைஞ்சிட்டெண்டு கதைக்கினம்."

"இல்லை அக்கா, அது சைக்கிள்" எண்டன்.

விளங்காமப் பாத்துக்கொண்டு நிண்டா.