போன் அதிர்வுக்கு ‘ஹெவி’ என்று பெயர் எழுதினால் கைக்கு ஹெவியாகத் தெரிய வேண்டாமா?

மாதவரம் பக்கம் ஒரு மளிகை மொத்தக் குடோன். தகரக் கூரை. வாசலில் லாரி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே பெட்டி இறக்குகிற சத்தம் ஓயாது. அங்கே வேலை செய்பவர்களுக்கு நாங்கள் ஒரு ஸ்கேனர் ஆப் செய்து கொடுத்தோம். போனைப் பெட்டிக்கு நேரே பிடித்தால் பார்கோடைப் படிக்கும். அந்த லோடில் போக வேண்டிய பெட்டி என்றால் போன் ஒரு தடவை அதிரும், வேறு கடைப் பெட்டி என்றால் மூன்று தடவை. பீப் சத்தம் அந்த இரைச்சலில் காதில் விழாது. திரையைப் பார்க்க நேரமில்லை, கண் அடுத்த பெட்டியில் இருக்கும். கைக்குத் தெரிகிற அதிர்வு ஒன்றுதான் அவர்களுக்குப் பதில்.

போன வாரம் ஒரு கடை லோடில் இன்னொரு கடையின் பெட்டிகள் ஏறிப் போய்விட்டன. ஏற்றிய அக்காவைப் பிடித்து ஆளாளுக்குத் திட்டியிருக்கிறார்கள். நான் போனபோது, “தம்பி, தப்புன்னு ஒரு தடவகூட கையில தெரியலப்பா. தெரிஞ்சிருந்தா ஏத்தியிருப்பேனா?” என்று கேட்டார். அவருடைய போனை வாங்கி நானே ஸ்கேன் செய்து பார்த்தேன். சரியான பெட்டிக்கு ஒரு ‘விர்ர்’. தப்பான பெட்டிக்கும் அதே ‘விர்ர்’, கொஞ்சம் நீளமாக. அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் வாங்கிய அத்தனை ஏச்சும் எங்களுக்கு வந்திருக்க வேண்டியது.

அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒரு தடவை எழுது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனின் ஐஓஎஸ்ஸிலும் ஓடும் என்றுதானே இந்த கிராஸ் பிளாட்ஃபார்ம் கருவிகள் எல்லாவற்றையும் நம் தலையில் கட்டுகிறார்கள்? பட்டனுக்கு ஓடும், பட்டியலுக்கு ஓடும், ஒத்துக்கொள்கிறேன். திரையில் நீலம் என்றால் எந்த போனிலும் ஏதோ ஒரு நீலம் வந்துவிடும். அதிர்வு அப்படி இல்லை. அது போனுக்குள் இருக்கிற ஓர் உலோகத் துண்டு உண்மையிலேயே அசைந்தால்தான் வரும். எந்தத் துண்டு, எப்படி அசைகிறது என்பது போனுக்கு போன் மாறும். அதை மறைத்துவிட்டு, ‘ஹாப்டிக் (கைக்குத் தெரிகிற அதிர்வு) சேர்ப்பது ரெண்டே வரி’ என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

விலை குறைந்த பல போன்களில் இருப்பது ஒரு குட்டி மோட்டார். அதன் தண்டில் ஒரு பக்கம் மட்டும் கனம் வைத்திருப்பார்கள், சுற்றினால் போன் ஆடும். ஈஆர்எம் என்பார்கள். அது வேகம் பிடிக்கவே பல பத்து மில்லிசெகண்ட் ஆகும், நிற்கவும் அதே மாதிரி நேரம் எடுக்கும். இன்னொன்று எல்ஆர்ஏ. ஸ்பிரிங்கில் தொங்கும் எடையை மின்காந்தம் முன்னும் பின்னும் தள்ளும். சட்டென்று எழும், சட்டென்று அடங்கும். 2015-இல் ஐபோன் 6எஸ்ஸில் வந்த டாப்டிக் இன்ஜின் இந்த நேர்கோட்டு வகை. 2016-இல் வந்த ஐபோன் 7-இன் ஹோம் பட்டன் அசையவே அசையாது, ஆனால் அழுத்தியது போலவே விரலுக்குத் தெரியும். அவ்வளவு துல்லியம். நாங்கள் ‘தப்பு’க்கு வைத்தது 30 மில்லிசெகண்ட் அதிர்வு மூன்று, நடுவில் 30 மில்லிசெகண்ட் இடைவெளி. ஆபீஸ் மேஜையில் இருந்த நல்ல போனில் டக் டக் டக் என்று கணக்காக விழுந்தது. அக்காவின் போனில் மோட்டார் முதல் தட்டுக்கு எழும்புவதற்குள் இரண்டாவது வந்துவிட்டது, அது அடங்குவதற்குள் மூன்றாவது. எல்லாம் கலந்து ஒரே உறுமல்.

சரி, நேரத்தை விட்டுவிட்டுப் பலத்தை மாற்றலாம், ஒன்றை மெதுவாகவும் இன்னொன்றை ஓங்கியும் வைக்கலாம் என்று பார்த்தால், அதற்கு அந்த போனில் ஆம்ப்ளிட்யூட் கன்ட்ரோல், அதாவது அதிர்வின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, இருக்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்க ஆண்ட்ராய்டு 8-லிருந்தே வழி உண்டு. இல்லாத போனில் நீங்கள் பலத்தை 1 என்று கொடுத்தாலும் 255 என்று கொடுத்தாலும் ஒரே அதிர்வுதான். மெதுவும் இல்லை, ஓங்கியும் இல்லை.

பெயர் விஷயம் இதைவிட மோசம். ஃப்ளட்டர் என்கிற கிராஸ் பிளாட்ஃபார்ம் கருவியில் லைட் இம்பேக்ட், மீடியம் இம்பேக்ட், ஹெவி இம்பேக்ட் என்று மூன்று இருக்கின்றன. ஐபோனில் பெயருக்கு ஏற்ற மாதிரியே இருக்கும், ஏனென்றால் அவை ஐஓஎஸ்ஸில் பிறந்த பெயர்கள். ஆண்ட்ராய்டில் என்ன நடக்கிறது? லைட் என்பது விர்ச்சுவல் கீயை, அதாவது திரையில் வரும் பட்டனை, தொடும்போது வரும் அதிர்வாகிறது. மீடியம், கீபோர்டில் எழுத்து தட்டும்போது வருவது. ஹெவியோ, கான்டெக்ஸ்ட் கிளிக், அதாவது ரைட் கிளிக் மாதிரி ஒன்றை அழுத்தும்போது வரும் அதிர்வு. பல போன்களில் இந்தக் கடைசி ஒன்று முதல் இரண்டையும்விட மெல்லிசாக இருக்கிறது! ‘ஹெவி’ என்று எழுதி ‘லைட்’டைவிட லேசாக வந்தால் அதற்குப் பெயர் எதற்கு? எடைக்கல்லில் ஒரு கிலோ என்று பொறித்துவிட்டு உள்ளே முக்கால் கிலோ வைத்தால் சந்தையில் விடுவார்களா? ஆண்ட்ராய்டு 11-இல் ‘கன்ஃபர்ம்’, ‘ரிஜெக்ட்’ என்று அர்த்தத்தோடு இரண்டு அதிர்வுகள் வந்தன. எனக்கு வேண்டியதே அதுதான், சரி ஒன்று, தப்பு ஒன்று. அந்த மூன்று பெயர்களும் அதைத் தொடுவதே இல்லை.

ரியாக்ட் நேட்டிவ் என்கிற இன்னொரு கருவியின் பக்கம் போனால் அங்கே வேறு கூத்து. வைப்ரேஷன் பேட்டர்ன் என்று எண்களை வரிசையாகக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் ஓர் எண் காத்திருப்பு, அடுத்த எண் அதிர்வு. அதே வரிசை ஐஓஎஸ்ஸில் ஓடும்போது எல்லா எண்ணுமே காத்திருப்பு. அதிர்வு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மில்லிசெகண்ட், அதை மாற்றவே முடியாது. ஒரே வரிக்கு இரண்டு அர்த்தம். டாக்குமென்டேஷனில் எழுதித்தான் இருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் நியாயம் ஆகிவிடுமா?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த மௌனம். பயனர் செட்டிங்ஸில் டச் வைப்ரேஷனை அணைத்திருந்தால் ஃப்ளட்டரின் அழைப்பு ஒன்றுமே செய்யாது. எரர் இல்லை, ‘முடியவில்லை’ என்று ஒரு பதில் இல்லை. நாம் எழுதிய புரோகிராம் கோடு ஓடியது என்றே நம்மிடம் சொல்லும். ரியாக்ட் நேட்டிவோடு சேர்த்துப் பயன்படுத்தும் எக்ஸ்போ ஹாப்டிக்ஸின் ஆவணம், ஐபோனில் எப்போதெல்லாம் அதிர்வு வராது என்று பட்டியல் போட்டிருக்கிறது. லோ பவர் மோடில் வராது. பேச்சை எழுத்தாக்கும் டிக்டேஷன் நடக்கும்போது வராது. கேமரா ஓடும்போதும் வராது. கேமரா ஆடிவிடக் கூடாது என்பது காரணம். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் பார்கோடு ஸ்கேனர் என்றாலே கேமரா ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அதிர்வு எந்த நொடியில் வேண்டுமோ, சரியாக அந்த நொடியில் அது கிடையாது. இதை என் கோடுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நடந்ததா இல்லையா என்று ‘ஆம், இல்லை’ ஒன்று திருப்பி அனுப்ப என்ன கேடு? ‘இல்லை’ என்று தெரிந்தால் திரை முழுக்கச் சிவப்பாக்கியிருப்பேன், ஸ்பீக்கரில் அலறவிட்டிருப்பேன், ‘மறுபடி பார்’ என்று நிறுத்தியிருப்பேன்.

கம்ப்யூட்டரில் போன் மாதிரி நடிக்கும் சிமுலேட்டரில் இதைச் சோதிக்க முடியாது, அதற்கு மோட்டார் ஏது. நிஜ போன் வேண்டும், அதுவும் வேலை செய்பவர்கள் கையில் இருக்கிற போன். எங்கள் டீமில் விலை குறைந்த போன் ஒன்றுகூட டெஸ்டிங்குக்கு இல்லை. கேட்டபோது, “வைப்ரேஷனுக்காகவா தனி போன் வாங்கணும்?” என்றார்கள். பட்ஜெட்டில் அது அலங்காரம், ஜிகினா. அந்த ஜிகினாவை நம்பித்தான் ஒரு பெண் நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி ஏற்றுகிறார்.

இப்போது என் காசில் இரண்டு பழைய போன் வாங்கி வைத்திருக்கிறேன். ‘சரி’க்கு வைத்திருந்த அதிர்வை மொத்தமாக எடுத்துவிட்டேன். ‘தப்பு’ என்றால் 500 மில்லிசெகண்ட் இரண்டு தடவை, நடுவில் 300 இடைவெளி. எந்தச் சோம்பேறி மோட்டாரும் எழுந்து அடங்க அது போதும். கூடவே திரை சிவப்பாகும், கையால் தட்டி மூடினால்தான் அடுத்த பெட்டி. ஸ்கேன் ஆனதும் கேமராவை நிறுத்திவிட்டு, அதன் பிறகே அதிர்வைக் கூப்பிடுகிறேன். வேகம் குறைகிறது என்று குடோன் மேனேஜர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் லோடு. அக்காவின் போனில் ஆப்பின் புது பில்டைப் போட்டுவிட்டு, அவர் கையில் கொடுத்து, தப்பான பெட்டி ஒன்றை நானே எடுத்து நீட்டப் போகிறேன். கையில் தெரிந்தது என்று அவர் வாயால் சொல்கிற வரைக்கும் அங்கிருந்து கிளம்புவதாக இல்லை.