ரிங்குக்குள் மட்டும் தனிச் சட்டமா?

நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் வார இறுதி அஜிலிட்டி போட்டிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற காட்சி இது. நாய் தொடக்கக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஹேண்ட்லர், அதாவது நாயை வழிநடத்தி ஓடுபவர், இரண்டாவது ஜம்ப்பைத் தாண்டிப் போய்த் திரும்புகிறார். அதற்குள் நாயின் பின்பகுதி தரையை விட்டு எழும்பிவிட்டது, முன்னங்கால் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. ஹேண்ட்லர் அதைப் பார்க்கிறார். பார்த்தும், இனி ஓடலாம் என்று நாய்க்கு அனுமதி தரும் ரிலீஸ் வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓடத் தொடங்குகிறார். அந்த ஓட்டம் பிழையில்லாமல் முடியலாம், ரிப்பன்கூடக் கிடைக்கலாம். ஆனாலும் அந்த இரண்டு நாளில் அவருக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் அந்த ஓட்டம்தான் என்பேன்.

நாய்க்கு ரிப்பனும் தெரியாது, மதிப்பெண் பலகையும் தெரியாது. அதற்குக் கூலி அடுத்த தடைதான். எழுந்தது, ஓட்டம் கிடைத்தது, கணக்கு தீர்ந்தது. மாதக்கணக்கில் தீனி கொடுத்துக் கட்டியெழுப்பிய ஸ்டே (ரிலீஸ் வரும்வரை அசையாமல் காத்திருப்பது), ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், நாலைந்து முறை இப்படிக் கூலி வாங்கினால் கரைந்துவிடும். அதுவும் ரிங்கில் மட்டும்தான் கரையும். மறுநாள் பயிற்சி மைதானத்தில் அதே நாய் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். "பயிற்சியில ஒழுங்கா இருக்கான், போட்டின்னா மட்டும் மாறிடறான்" என்ற புலம்பலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கையில் பொம்மை இல்லை, இடுப்புப் பையில் தீனி இல்லை, யாரோ லீஷை எடுத்துக்கொண்டு போகிறார், ஜட்ஜ் பக்கத்திலேயே நடந்து வருகிறார், ஒலிபெருக்கி கத்துகிறது. இத்தனை அடையாளத்தையும் வைத்து இங்கே சட்டம் வேறு என்று நாய் சரியாகவே படித்துக்கொள்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியது ஹேண்ட்லர்.

ஸ்டே ஏன் உடைகிறது என்பதை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான ஹேண்ட்லர்கள் ரிலீஸ் சொல்வதற்கு அரை வினாடி முன்னால் கையைத் தூக்குகிறார்கள், இல்லையென்றால் மூச்சை இழுத்துத் தோளை முன்னே தள்ளுகிறார்கள். அரை வினாடி என்பது நாய்க்கு நிறைய நேரம். அதனால் அது வார்த்தையைக் கற்பதே இல்லை, தோளைக் கற்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. நாயை உட்காரவைத்து நாலடி போய்த் திரும்பி, வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குங்கள். எழுந்தால் வார்த்தை பதியவில்லை என்று அர்த்தம். அடுத்து உடம்பை அசைக்காமல் ரிலீஸ் வார்த்தையை மட்டும் சொல்லுங்கள். எழவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பழக்க வேண்டும். பயிற்சியில் பத்து முறை முன்னே நடந்தால் மூன்று நான்கு முறையாவது ஓடாமல் திரும்பி வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தீனி கொடுக்க வேண்டும். அப்போதுதான் காத்திருப்பதற்கும் கூலி உண்டு என்று அதற்குப் புரியும்.

அடுத்தது காண்டாக்ட், அதாவது பலகைத் தடையின் நிறமிட்ட பகுதியில் நாயின் பாதம் படுவது. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சர்வதேச நாய் அமைப்பான எஃப்சிஐயின் அளவுகளின்படி, நாய் ஏறி நடந்து இறங்கும் பலகைப் பாலமான டாக்வாக்கின் உயரம் 1.20 முதல் 1.30 மீட்டர். மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் 3.60 முதல் 3.80 மீட்டர் நீளம், அகலம் வெறும் 30 சென்டிமீட்டர். இறங்கும் பலகையின் கடைசி 90 சென்டிமீட்டர் வேறு நிறத்தில் இருக்கும். இறங்கும்போது ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது அந்த நிறத்தில் பட வேண்டும், படாவிட்டால் 5 ஃபால்ட் (பிழைப் புள்ளி). வேகமான நாய் இந்த மூன்று பலகையையும் இரண்டு வினாடி அளவில் கடந்துவிடும். கடைசிப் பலகையில் அதற்கு ஒன்றிரண்டு தாவல்தான். இந்த வேகத்தில் "பார்த்துப் போ" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது நாயின் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் டூ ஆன் டூ ஆஃப். பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில், எடை பின்பக்கம், ரிலீஸ் வரும்வரை அப்படியே. பயிற்சியில் இதைத் தலைகீழ் வரிசையில் கட்டுகிறோம். முதலில் தரையில் கிடக்கும் பலகை, பிறகு தாழ்ந்த சரிவு, கடைசியில்தான் முழு உயரம். ரிங்கில் இது குலைகிற விதத்தைக் கவனியுங்கள். முதல் போட்டியில் நாய் நிற்கிறது, ஹேண்ட்லர் அவசரத்தில் முன்னங்கால் தரையைத் தொட்ட கணமே ரிலீஸ் கொடுக்கிறார். இரண்டாவது போட்டியில் நாய் முழுதாக நிற்பதில்லை, தரையைத் தொட்டு நழுவுகிறது. ஓட்டம் தொடர்கிறது. மூன்றாவதில் ரிலீஸ் வார்த்தைக்கே வேலையில்லை. நாலாவதில் நிறத்துக்கு மேலிருந்தே தாவல், ஜட்ஜின் கை உயர்கிறது, ஹேண்ட்லர் நாயைப் பார்த்து முறைக்கிறார். முதல் போட்டியில் ஒரு வினாடி நின்று மூச்சுவிட்டு ரிலீஸ் கொடுத்திருந்தால் மற்ற மூன்றும் வந்திருக்காது.

ரன்னிங் காண்டாக்ட் பழக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குறுக்குவழியே இல்லை. நிற்காமல் ஓடியபடியே சரியான இடத்தில் பாதம் வைக்க ஆயிரக்கணக்கான தடவை ஓட வேண்டும், ஒவ்வொரு தடவையும் பாதம் எங்கே விழுந்தது என்று கவனித்துக் கூலி கொடுக்க வேண்டும், டாக்வாக் முடிந்ததும் வரும் திருப்பத்தைத் தனியாகப் பழக்க வேண்டும். நிற்கச் சொல்லித் தந்த நாய் நிற்காமல் ஓடினால் அதற்குப் பெயர் ரன்னிங் காண்டாக்ட் ஆகாது.

சீசாவில் பிழைக்குக் காரணமே வேறு. பலகை தரையைத் தொடுவதற்கு முன் நாய் குதித்துவிட்டால் ஃப்ளை ஆஃப். பெரும்பாலும் அது சத்தத்துக்கும் அதிர்வுக்கும் பயந்து குதிப்பதுதான். பலகை "டப்" என்று விழும் அந்த நொடியில் நாயின் காதையும் வாலையும் பாருங்கள், விடை அங்கே தெரியும். காது பின்னால் ஒட்டி உடம்பு தாழ்ந்தால் முனைக்குக் கீழே தடித்த மெத்தை போட்டு, விழும் தூரத்தை ஒரு சாணாகக் குறைத்து, அந்தச் சத்தத்துக்கே தீனி கொடுக்க வேண்டும். போட்டியில் இப்படிப் பயப்படுகிற நாயிடம் கண்டிப்பு காட்டினால் அடுத்த வாரம் சீசா பக்கமே வராது.

வீவ் போல்ஸ், அதாவது நாய் வளைந்து வளைந்து நுழைந்து போகும் கம்பு வரிசை பற்றிச் சுருக்கமாக. 12 கம்பு, இடைவெளி 60 சென்டிமீட்டர், முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வர வேண்டும். பத்தாவது கம்பில் நாய் வெளியே வந்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஹேண்ட்லர் அடுத்த ஜம்ப்பை நினைத்து எட்டாவது கம்பிலேயே தோளைத் திருப்பிவிடுவதுதான். நாய் தோளை நம்பி வருகிறது. பயிற்சியில் வேண்டுமென்றே முன்னால் ஓடியும், பக்கவாட்டில் விலகியும், பின்தங்கியும் பழக்கினால் கடைசிக் கம்பு வரை தன் வேலையைத் தானே முடிக்கும்.

ஜம்ப் பார் விழுந்தால் உடனே நாயைக் குறை சொல்லாதீர்கள். முக்கால்வாசி நேரம் ஹேண்ட்லர் தாமதமாகக் கூப்பிட்டிருப்பார். நாய் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு பெயரைச் சொன்னால், அது காற்றிலேயே தலையைத் திருப்பும், முதுகு வளையும், பின்னங்கால் தாழ்ந்து பாரைத் தட்டும். திருப்பம் வரப்போகிறது என்ற செய்தி கிளம்புவதற்கு ஓரிரு தாவல் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். ஆனால் இதுவரை பாரைத் தட்டாத நாய் திடீரென்று தட்டத் தொடங்கினால், வீவ் போல்ஸில் ஒரு பக்கம் மட்டும் தயங்கினால், கூரை போல இரு பக்கம் சாய்ந்த ஏ ஃப்ரேமில் இறங்கத் தயங்கினால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோள்பட்டை, இடுப்பை மடக்கும் இலியோசோயாஸ் தசை, முன்னங்கால் விரல் ஆகியவை இந்த விளையாட்டில் அடிக்கடி அடிபடும் இடங்கள். வலியைக் கண்டிப்பால் சரிசெய்ய முடியாது. வார்ம் அப் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து நிமிட நடை, கொஞ்சம் துள்ளோட்டம், இரு பக்கமும் சுற்று, தாழ்ந்த ஜம்ப் இரண்டு, பிறகு ரிங். ஓடி முடித்ததும் நேராகக் கிரேட் கூண்டுக்குள் தள்ளாமல் ஐந்து பத்து நிமிடம் நடத்துங்கள்.

சரி, ரிங்குக்குள் உடைந்தால் என்ன செய்வது? ஓட்டத்துக்கு முன் ஹேண்ட்லர்கள் தடைப் பாதையை நடந்து பார்க்கும் கோர்ஸ் வாக்கின்போதே இதை முடிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் எல்லோரும் எங்கே நாய்க்கு முன்னால் குறுக்கே போவது (ஃப்ரண்ட் கிராஸ்), எங்கே பின்னால் குறுக்கே போவது (ரியர் கிராஸ்) என்று மனப்பாடம் செய்கிறார்கள். எது உடைந்தால் ஓட்டத்தை நிறுத்துவேன் என்று ஒருவரும் தீர்மானிப்பதில்லை. கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது. நுழைவுக் கட்டணம், காலை நாலு மணிக்கு எழுந்தது, வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்து ஓடு என்றுதான் சொல்லும்.

முறை இதுதான். ஸ்டே உடைந்தால் அங்கேயே நில்லுங்கள். திட்டாமல், கையைப் பிசையாமல், ஜட்ஜுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு லீஷைப் போட்டு அமைதியாக வெளியே நடங்கள். வெளியே வந்ததும் பெரிய விருந்து வேண்டாம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஓட்டம் நின்றது என்ற ஒரே செய்தி நாய்க்குப் போதும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தாலே பல நாய்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இதில் அரைகுறை உதவாது. ஒருமுறை வெளியேறி அடுத்த முறை விட்டுக்கொடுத்தால் நாய் சூதாடக் கற்றுக்கொள்ளும், அதைக் கலைப்பது இன்னும் கடினம்.

இந்தக் கண்டிப்பு எல்லா நாய்க்கும் பொருந்தாது, இதை அழுத்தியே சொல்ல வேண்டும். ரிங்குக்குள் வந்ததும் தரையை முகர்கிறது, கொட்டாவி விடுகிறது, சொறிந்துகொள்கிறது, வழக்கத்தைவிட மெதுவாக ஓடுகிறது என்றால் அது துள்ளலில் எழுந்த நாய் இல்லை. பதற்றத்தில் இருக்கிறது. அதை வெளியேற்றினால் பதற்றம் கூடும். அதற்கு நாலே தடை போதும். பிடித்த டனல் வழியாக ஓடவிட்டு, பாராட்டி, சிரித்த முகத்தோடு வெளியே கூட்டி வாருங்கள். ஒரே ஸ்டே முறிவு, இரண்டு நாய்க்கு நேரெதிர் மருந்து. தன் நாய் எந்த வகை என்று தெரியாமல் போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் மீதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

சில அமைப்புகளில் பொம்மையோடு ரிங்குக்குள் போய்ப் பயிற்சி ஓட்டம் ஓட அனுமதி உண்டு. மதிப்பெண் கிடையாது, ஆனால் அதே ஜட்ஜ், அதே சத்தம், அதே தடைகள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வசதி இந்த விளையாட்டில் இல்லை. உங்கள் போட்டியில் அந்த அனுமதி உண்டா, அதை எப்போது அறிவிக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் முன்கூட்டியே பாருங்கள். வார இறுதிக்கு நாலு ஓட்டம் என்றால் முதல் ஓட்டத்தை இதற்கு ஒதுக்குங்கள். அன்றைய முதல் ஓட்டத்தில்தான் நாயின் துள்ளல் உச்சத்தில் இருக்கும். டாக்வாக்கில் நின்றதும் மூன்று எண்ணி, பொம்மையைப் பின்பக்கமாக எறிந்து, அங்கேயே விளையாடிவிட்டு வெளியே வாருங்கள். மீதி பதினெட்டுத் தடையையும் அன்றைக்குத் தொட வேண்டியதில்லை.