பார்டோக்கின் இசையை ஏக்கத்துக்குள் அடைக்கலாமா?

தாய்நாட்டை விட்டு வெளியேறிய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் படைப்புகளுக்கென்றே நடத்தப்பட்ட ஆர்க்கெஸ்ட்ரா நிகழ்ச்சி ஒன்றை அண்மையில் கேட்டேன். முதலில் ராக்மனினோவின் 'சிம்பொனிக் நடனங்கள்', இடைவேளைக்குப் பின் பேலா பார்டோக்கின் 'ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ' (கான்செர்ட்டோ என்பது வழக்கமாக ஒரு தனிக் கருவியை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கப்படும் படைப்பு). வாசிப்பு மிக உயர்ந்த தரத்தில் இருந்தது. நிகழ்ச்சிக் கையேடோ, இரண்டு படைப்புகளையும் ஊர் நினைப்பில் சிந்திய கண்ணீராகவே விளக்கியிருந்தது. அந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

ஹங்கேரி நாஜி ஜெர்மனியின் பக்கம் சாய்வதைச் சகிக்க முடியாமல் 1940 அக்டோபரில் வெளியேறிய பார்டோக், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யூகோஸ்லாவிய நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதும் பணியைச் செய்துவந்தார். 1943இல் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தவரைத் தேடிச் சென்று, 1,000 டாலருக்குப் புதிய படைப்பொன்றை எழுதித் தருமாறு கேட்டவர் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் செர்கேய் கூசெவிட்ஸ்கி. அவரே ரஷ்யாவிலிருந்து வெளியேறியவர். பார்டோக்குக்காக அவரிடம் பேசிய நடத்துநர் ஃபிரிட்ஸ் ரைனரும் வயலின் கலைஞர் ஜோசப் சிகெட்டியும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். முன்பே வந்து காலூன்றியவர்கள் பின்னால் வந்தவருக்கு, அவருடைய தன்மானம் குலையாத வகையில், வேலையாகவே உதவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புலம்பெயர்தலைப் பற்றிப் பேச வந்த கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் என் முதன்மையான வருத்தம்.

அப்படிப் பிறந்து, 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறிய 'ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ'வின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். பஸூன்கள், ஓபோக்கள், கிளாரினெட்டுகள், புல்லாங்குழல்கள், ஒலி அடக்கிய டிரம்பெட்டுகள் என இரண்டிரண்டு கருவிகளாக முன்வருகின்றன; ஒவ்வோர் இணைக்கும் இடையிலான சுர இடைவெளி வேறு, அதனால் மனநிலையும் வேறு. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒவ்வொரு பிரிவையும் தனிக் கலைஞராக மதித்து எழுதியவரின் மகிழ்ச்சியே அதில் நிரம்பியிருக்கிறது. மூன்றாம் பகுதி சாவின் பாடல்தான். பார்டோக்கே அவ்வாறு குறித்திருக்கிறார். ஆனால் இறுதிப் பகுதி வாழ்வை வலியுறுத்துவது என்பதும் அவர் கூற்றே.

ராக்மனினோவின் நிலை வேறு. 1917 டிசம்பரில் ரஷ்யாவை விட்டு வந்தபின் குடும்பத்தைக் காக்கப் பியானோ கலைஞராக ஊர் ஊராகச் சுற்றியவருக்கு இசையமைக்க நேரமே அரிதாயிற்று. 1940இல் எழுதிய 'சிம்பொனிக் நடனங்க'ளே அவருடைய கடைசிப் படைப்பு. அதன் முதற்பகுதியின் முடிவில், 1897இல் படுதோல்வியடைந்த தம் முதல் சிம்பொனியின் கருப்பொருளைக் கனிவுடன் மீட்டெடுக்கிறார். அந்த சிம்பொனி மீண்டும் வாசிக்கப்பட்டது அவர் மறைந்த பின், 1945இல்தான். ஆகவே 1941இல் பிலடெல்ஃபியாவில் முதன்முறை கேட்டவர்கள் அதை அடையாளம் கண்டிருக்க வழியில்லை. ஒரு கலைஞர் தம் பழைய தோல்வியோடு தனியே செய்துகொண்ட சமாதானத்தை நாட்டு ஏக்கம் என்று சுருக்குவது எனக்கு அநீதியாகவே படுகிறது.

இத்தகைய நிகழ்ச்சிகள் அமெரிக்காவுக்குச் சென்றவர்களோடு நின்றுவிடுவதும் எனக்கு உறுத்துகிறது. பொஹீமியாவில் பிறந்த யூதரான வால்டர் காஃப்மன் 1934இல் பம்பாய்க்கு வந்து, அகில இந்திய வானொலியில் பணியாற்றினார். தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் விடியற்காலையில் கேட்டு வளர்ந்த அந்த வானொலியின் அடையாள இசை அவர் அமைத்ததாகவே அறியப்படுகிறது. பின்னாளில் தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். அவருடைய 'இந்திய சிம்பொனி'யைப் பார்டோக்கின் படைப்போடு ஒரே மாலையில் வாசிக்குமாறு அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுத இருக்கிறேன். இதில் ஆர்வமுள்ள நண்பர்கள் தாங்களும் எழுதுமாறு வேண்டுகிறேன்.