பாட்டு வரட்டும், அப்புறம் பெயர்

அமெரிக்க ராக் குழு கன்ஸ் அண்ட் ரோசஸின் அடுத்த ஆல்பத்துக்கு இதுதான் பெயர் என்று இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றில் பாடகர் ஆக்சல் ரோஸ் தொப்பியோடு நிற்கிறார். தலைக்கு மேல் ஒரு பெயர், மூலையில் 'உறுதியானது' என்று சிவப்பு முத்திரை. இன்னொன்றில் வேறு பெயர். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் யாருக்கோ தெரிந்தவர் சொன்னாராம். அனுப்புகிறவர்கள் மலேசியாவில் செந்தூல், கிள்ளான், பட்டர்வொர்த் என்று அங்கங்கே இருக்கும் நம் ஆட்கள்தான். இந்தக் குழுவின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வேறு யாராவது அனுப்பியிருந்தால் அழித்துவிட்டுப் போயிருப்பேன்.

தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பாட்டுகூடக் காதில் விழாமல் ஆல்பத்தின் பெயரை மட்டும் ஊர் முழுக்கப் பரப்புவது அந்த ஆல்பத்துக்கு நாமே செய்யும் கெடுதல். அப்படிக் கெட்டுப்போன இதே குழுவின் ஆல்பம் ஒன்று நம் கண்ணெதிரே இருக்கிறது. சைனீஸ் டெமாக்ரசி.

சின்னவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 1991ல் யூஸ் யுவர் இல்யூஷன் இரண்டு பாகங்கள். 1993ல் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடி ஒரு ஆல்பம். அப்புறம் குழு உடைய ஆரம்பித்தது. 1996ல் கிட்டார் வாசித்த ஸ்லாஷ் போய்விட்டார். 1999ல் அடுத்த ஆல்பத்துக்கு முதலில் '2000 இன்டென்ஷன்ஸ்' என்ற பெயர் அடிபட்டது. அந்த வருடக் கடைசியில் ஆக்சலே வாயைத் திறந்து சைனீஸ் டெமாக்ரசி என்றார். ஆல்பம் கடைக்கு வந்தது 2008 நவம்பர் 23ல். நடுவில் ஒன்பது வருடங்கள். அந்த ஒன்பது வருடமும் நம்மிடம் இருந்தது பெயர் மட்டும்தான். நம் வீடுகளில் பிள்ளை பிறந்து, பதினாறோ முப்பதோ முடிந்துதான் பெயர் வைப்பார்கள். இந்தப் பிள்ளைக்குப் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே பெயர் வைத்து, தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான்.

கூப்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்? கேலி செய்தார்கள். 2003ல் ஆஃப்ஸ்பிரிங் என்ற இன்னொரு ராக் குழு, நீங்கள் தூங்கினால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று தங்கள் ஆல்பத்துக்கு இதே பெயரை அறிவித்தது. கடைசியில் அது ஸ்பிளின்டர் என்று வெளிவந்தது, ஆனால் ஊர் சிரித்த சிரிப்பு ஓயவில்லை. 2005ல் நியூயார்க் டைம்ஸ், வெளிவராத இந்த ஆல்பத்துக்கு 1.3 கோடி டாலர் செலவாகிவிட்டது என்று எழுதியது. 2008ல் டாக்டர் பெப்பர் பானக் கம்பெனி, இந்த வருடத்துக்குள் ஆல்பம் வந்தால் அமெரிக்காவில் எல்லாருக்கும் ஒரு டின் இலவசம் என்று சவால் விட்டது. குழுவை விட்டுப் போன கிட்டார்காரர்கள் ஸ்லாஷுக்கும் பக்கெட்ஹெட்டுக்கும் மட்டும் கிடையாதாம். ஒரு மனிதன் இரவு பகலாக உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலை குளிர்பான விளம்பரமாகிப் போனது. பெயர் கையில் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. பெயரே இல்லாத ஒன்றை வைத்து யாரும் இவ்வளவு விளையாட முடியாது.

நம் ஊரிலும் அந்தப் பெயர் விலைபோனது. கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் சனிக்கிழமை போடுவார்களே பசார் மாலாம் இரவுச் சந்தை, அங்கே அஞ்சு வெள்ளிக்கு, அதாவது அஞ்சு ரிங்கிட்டுக்கு, 'சைனீஸ் டெமாக்ரசி' வாங்கினோம். ஆல்பம் வருவதற்குப் பல வருடம் முன்னால்! கலர் போட்டோகாப்பி அட்டையில் ஒரு டிராகன், அதன் வாயில் ரோஜாப் பூ. உள்ளே இருந்தது 2001 ஜனவரியில் ரியோ நிகழ்ச்சியில் பாடியதை யாரோ கூட்டத்துக்குள்ளிருந்து பதிவு செய்தது. பாதிக்கு மேல் கைத்தட்டலும் கூச்சலும். கடைசி இரண்டு பாட்டு வேறு ஏதோ குழுவுடையது. உண்மையான ஆல்பத்தின் அட்டையில் டிராகன் கிடையாது. ஹாங்காங்கில் ஒரு சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள், பெரிய கூடையோடு. பெட்டாலிங் ஸ்திரீட் பின்சந்தில் காலையில் போனால் அதே மாதிரி சைக்கிளைப் பார்க்கலாம். எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு அழகான படம். ஆனால் அதைப் பார்ப்பதற்குள் எங்கள் மனதில் அந்த டிராகன் பதிந்துவிட்டது.

ஆல்பம் வந்தபோது நடந்ததுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. பதினான்கு பாட்டுகள். அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது. பெயரைப் பார்த்தே சீனாவில் குளோபல் டைம்ஸ் நாளிதழ் காட்டமாக எழுதியது. இங்கே மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டு எல்லாரும் பேசியது ஒரே விஷயம்: இதற்கா இவ்வளவு வருடம்? கேள்வி பாட்டைப் பற்றியது இல்லை, நாட்காட்டியைப் பற்றியது. 'திஸ் ஐ லவ்' பாட்டில் ஆக்சல் பியானோவோடு தனியாக ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறுவதைப் பற்றி அந்த மேசையில் யாரும் வாய் திறக்கவில்லை. 'மடகாஸ்கர்' பாட்டுக்கு நடுவில் மார்ட்டின் லூதர் கிங்கின் குரல் வருகிறதே, அதைப் பற்றியும் இல்லை. ஒவ்வொருவரும் அந்தப் பெயரை வைத்துத் தனக்குள்ளே ஒரு ஆல்பத்தைச் செய்து முடித்திருந்தார்கள். நிஜமான பாட்டு அதோடு போட்டி போட்டுத் தோற்றது. எந்தப் பாட்டும் தோற்றுத்தான் இருக்கும்.

2018 நவம்பர் 14ஆம் தேதி சன்வே லகூனில் அவர்கள் பாட வந்தபோதும் இதைப் பார்த்தேன். ஸ்லாஷ் திரும்பி வந்துவிட்டார், பழைய பேஸ் கிட்டார்காரர் டஃப் மெக்கேகன் பக்கத்தில் நிற்கிறார், கூட்டம் கரை புரள்கிறது. சைனீஸ் டெமாக்ரசி பாட்டின் கிட்டார் ஆரம்பித்ததும் எனக்கு முன்னால் நின்றவர்கள் போனைக் கீழே இறக்கி, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்தார்கள். தான் வாசிக்காத ஆல்பத்தின் பாட்டை ஸ்லாஷ் வாசிக்கிறார்! ராக் ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்னால் நின்ற ஒரு பையன் மட்டும் என் தோளைத் தட்டி, "அண்ணே, இது என்ன பாட்டு? செமையா இருக்கு" என்றான். அவனுக்கு அந்த ஒன்பது வருடக் கதை தெரியாது. அதனால் பாட்டு மட்டும் காதில் விழுந்தது.

இதைச் சொன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்கிறார்: "அப்போ வேலைப் பெயர்களை, அதாவது வெளிவருவதற்கு முன்னால் வைக்கும் தற்காலிகப் பெயர்களைப் பற்றிப் பேசவே கூடாதா அண்ணே? அதுதானே ரசிகனுக்குச் சந்தோஷம்?" பேசலாம், நிறையப் பேசலாம். அதில் இரண்டு வகை இருக்கிறது, அவ்வளவுதான்.

செந்தூலில் என் பெரியம்மா மகன் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டு, பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு இருக்கும். உள்ளே அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்கள்: பாட்டின் பெயர், எங்கே கேட்டது, என்ன ஆனது. 'தி புளூஸ்' என்று நீல மையில் எழுதி, ரியோ 2001 என்று குறித்திருக்கிறார். 2008ல் அதைச் சிவப்பில் அடித்து 'ஸ்திரீட் ஆஃப் டிரீம்ஸ்' என்று எழுதினார். அதே பாட்டுதான், ஆல்பத்தில் பெயர் மாறி வந்தது. இன்னொரு வரி 'ஐ.ஆர்.எஸ்.'. 2003ல் பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் பியாசா ஒரு சிடியைக் கொண்டுபோய் நியூயார்க் வானொலியில் கொடுத்து அது ஒலிபரப்பானது. இப்படி ஒரு வழியில் ஒரு ராக் பாட்டு வெளிவரும் என்று யாராவது நினைத்திருப்பார்களா? 'சில்க்வர்ம்ஸ்' வரிக்கு மூன்றாவது கட்டம் இருபது வருடம் காலியாகவே கிடந்தது. 2021ல் அதே பாட்டு ஸ்லாஷின் கிட்டாரோடு 'அப்சர்ட்' என்று வந்ததும் அண்ணன் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் போட்டு, "டேய், நிரப்பிட்டேன்டா" என்றார். அதற்கு அடுத்த மாதம் 'ஹார்ட் ஸ்கூல்' வந்தது. ரசிகர்கள் அதை 'ஜாக்கி சான்' என்ற பெயரில்தான் பல வருடம் அறிந்திருந்தார்கள்.

இதுவும் வேலைப் பெயர்தான். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் காது இருக்கிறது. யாரோ மேடையில் பாடினார்கள், யாரோ கேட்டார்கள், நினைவில் வைத்தார்கள், பெயர் மாறி வந்தபோதும் அடையாளம் கண்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆல்பம் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு ஸ்கிரீன்ஷாட்.

அதோடு, ஆல்பத்தின் வேலைப் பெயர் என்பதே பட்டறைச் சாமான். பீட்டில்ஸ் குழு 1969ல் ஒரு ஆல்பத்துக்கு 'எவரெஸ்ட்' என்று வைத்திருந்தார்கள். ஒலிப்பதிவாளர் புகைத்த சிகரெட்டின் பெயர் அது! இமயமலைக்குப் போய்ப் படம் எடுக்கலாமா என்றுகூடப் பேசினார்கள். அவ்வளவு தூரம் யார் போவது என்று கூடத்துக்கு வெளியே வந்து, வாசல் தெருவிலேயே வரிக்கோட்டைக் கடந்து படம் எடுத்தார்கள். அதுதான் அபி ரோடு. 'எவரெஸ்ட்' என்ற பெயர் அன்றைக்கே ரசிகர்கள் கையில் கிடைத்து வருடக்கணக்கில் அலைந்திருந்தால், அந்தத் தெருவைக் கடக்கும் நாலு பேரைப் பார்த்து, மலை எங்கே என்று கேட்டிருப்பார்கள்.

டூல் என்ற அமெரிக்க ராக் குழு 2001லேயே நம்மைப் புரிந்துகொண்டது. லேட்டரலஸ் ஆல்பத்துக்கு முன்னால் 'சிஸ்டெமா என்செஃபால்' என்று ஒரு பொய்ப் பெயரையும் பொய்ப் பாட்டுப் பட்டியலையும் வெளியிட்டு, நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிரும் சேவையில் திருட்டுத்தனமாகத் தேடுபவர்களைத் திசைதிருப்பினார்கள். அதே குழு 2006க்குப் பிறகு பதின்மூன்று வருடம் ஆல்பம் போடவில்லை. ஏறக்குறைய ஆக்சல் அளவுக்கே ரசிகர்களைக் காக்க வைத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் செய்த முறையைப் பாருங்கள். 2019 மே மாதம் மேடையில் இரண்டு புதுப் பாட்டுகளை வாசித்தார்கள். ஜூலைக் கடைசியில் ஃபியர் இனாக்குலம் என்று பெயர் சொன்னார்கள். ஆகஸ்ட் 30ல் ஆல்பம் கையில். முதலில் பாட்டு, அப்புறம் பெயர், உடனே ஆல்பம். பில்போர்டில் நேராக 1ஆம் இடம். காத்திருந்த வருடங்களைப் பற்றிக் கிண்டல் இருக்கத்தான் செய்தது, ஆனால் கேட்டவர்கள் பாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

நம் தமிழ்ப் பையன்களுக்கும் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். உங்களுக்கும் ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். பினாங்கு டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் அலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்ட பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்குப் புரியவில்லை, அதை விடுங்கள். பகலில் வேலை, சனி ஞாயிறில் பதிவு என்று நாலைந்து வருடம் உழைக்கும் குழுக்கள் இங்கே இருக்கின்றன. பாட்டு ஒன்று பாதி முடிந்ததும் ஆல்பம் பெயரைப் போஸ்டராகப் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒரே விசாரணை: "எப்போ வருது? வருமா வராதா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்து, டிரம்ஸை விற்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல வாசிப்பு. தம்பிகளே, பெயரை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டை வெளியே விடுங்கள். கேட்பவர்கள் தானாக அடுத்ததைக் கேட்பார்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவுக்கு என் வேண்டுகோள் இது. பாட்டின் பெயர் என்றால், எந்த மேடையில், எந்த வருடம் கேட்டது என்று சேர்த்து அனுப்புங்கள். அண்ணனின் நோட்டில் இன்னும் காலிக் கட்டங்கள் இருக்கின்றன. ஆல்பத்தின் பெயர் என்றால், கன்ஸ் அண்ட் ரோசஸே சொல்லும்வரை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வருகிற சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் சைனீஸ் டெமாக்ரசியை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நல்ல ஸ்பீக்கரில் போடுகிறோம். அந்த ஆல்பத்தை இதுவரை கேட்காத ஒருவரையாவது கூட்டி வாருங்கள். வழியில் அவருக்கு எதையும் சொல்லாதீர்கள், முக்கியமாக எத்தனை வருடம் ஆனது என்பதை. 'தேர் வாஸ் எ டைம்' பாட்டின் கடைசியில் பக்கெட்ஹெட் வாசிக்கும் இடம் வரும்போது யாரும் பேசக்கூடாது. மற்றபடி சாப்பாடு உண்டு. வருகிறவர்கள் கீழே எழுதுங்கள்.