ரீமேக் இன்று நேற்று வந்ததல்ல
"ஹாலிவுட்டின் கிளாசிக் காலத்தில் எல்லாமே சொந்தச் சரக்கு, ரீமேக் என்பது இன்றைய சோம்பேறித்தனம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. 1941-இல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' அதே பெயருள்ள நாவலிலிருந்து எடுத்த மூன்றாவது படம். 1931-லும் 1936-லும் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இயக்குநர் ஹிட்ச்காக் 1934-இல் தான் எடுத்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தையே 1956-இல் மறுபடி எடுத்தார். பழையது கறுப்பு வெள்ளை, ஒன்றேகால் மணி நேரம். புதியது வண்ணம், இரண்டு மணி நேரம். ஒரே கதையை 1914, 1918, 1931 என்று மூன்று முறை எடுத்த இயக்குநர் செசில் பி. டிமில்லை என்ன சொல்வீர்கள்?

அன்று அதற்கு ஒரு தேவையும் இருந்தது. பேசும் படம் வந்ததும் ஊமைப்படக் கதைகளுக்குக் குரல் வேண்டியிருந்தது. வீடியோவும் கிடையாது, தியேட்டரை விட்டுப் போன படம் பெரும்பாலும் போனதுதான். இன்று மூலப்படம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. காட்சிக்குக் காட்சி பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திட்டுகிறோம். (நானும்தான்.)