பழைய கார்டு, புதிய படம்

“மாமா, இது டூப்ளிகேட்டா?”

கேட்டது என் தங்கை மகன். அவன் கையில் இருந்தது என்னுடைய பழைய லைட்னிங் போல்ட். மேஜிக்: தி கேதரிங் என்கிற கார்டு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கார்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வரி: ஒரு சிவப்பு மனா (கார்டை இறக்கக் கொடுக்கிற சக்தி) கொடுத்தால் எதிராளிக்கோ அவருடைய கிரீச்சர் (சண்டை போடுகிற உயிரினக் கார்டு) ஒன்றுக்கோ 3 புள்ளி சேதம், அவ்வளவுதான். ஆட்டம் பிறந்த 1993-லிருந்தே இருக்கிற கார்டு. என்னிடம் இருப்பது 1995-இல் வந்த நான்காம் பதிப்பு. வெள்ளை ஓரம் பழுப்பேறிவிட்டது. ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறை போடத் தெரியாத காலத்தில் கலைத்துக் கலைத்து நான்கு முனைகளும் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நிற்கின்றன. படம் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்தது. அவனிடம் இருப்பது கறுப்பு ஓரம் போட்டது, 2009-இல் வந்த மேஜிக் 2010 தொகுப்பில் கிறிஸ்டோபர் மோலர் வரைந்த படம். பெயர் ஒன்று, மனா ஒன்று, வேலையும் ஒன்று. படம் மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தில் என்னுடையது அவனுக்குப் போலியாகத் தெரிந்துவிட்டது.

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்தால், அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் ஆட்டம் கற்றுக்கொண்டது மோலரின் மின்னலை வைத்து. அவனுக்கு அதுதான் லைட்னிங் போல்ட். எனக்கு ரஷ்ஷின் மின்னல்.

பழைய கார்டை மறுபடி அச்சிடும்போது படத்தை மாற்றலாமா என்று ஒவ்வொரு புதுத் தொகுப்பு வரும்போதும் ஒரு சண்டை நடக்கிறது. “எங்கள் நினைவில் கை வைக்காதீர்கள்” என்று ஒரு பக்கம். “எத்தனை வருஷத்துக்கு அதே படம்?” என்று மறுபக்கம். நான் ரொம்ப நாள் முதல் பக்கத்தில்தான் இருந்தேன். இப்போது இல்லை. தாராளமாக மாற்றுங்கள், மாற்றுவதுதான் பழைய கார்டு வைத்திருப்பவனுக்குச் செய்கிற மரியாதை என்பது இன்றைய என் கருத்து. ஏன் என்று சொல்ல 1995-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஜூலையில் குரோனிகிள்ஸ் என்றொரு தொகுப்பு வந்தது. அரேபியன் நைட்ஸ், ஆன்டிக்விட்டீஸ், லெஜண்ட்ஸ், தி டார்க் என்று முன்பே வந்து தீர்ந்துபோன தொகுப்புகளிலிருந்து 125 கார்டுகளை எடுத்து மறுபடி அச்சிட்டார்கள். ஆட வந்த புதியவர்களுக்குக் கொண்டாட்டம். ஏற்கனவே காசு கொடுத்துத் தேடித் தேடிச் சேர்த்தவர்களுக்கோ வயிற்றெரிச்சல். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. ஆட்டத்தை வெளியிடுகிற நிறுவனம் 1996 மார்ச்சில் ஒரு வாக்குறுதி கொடுத்தது. அதுதான் ரிசர்வ்டு லிஸ்ட். அந்தப் பட்டியலில் இருக்கிற கார்டுகளை இனி ஒருபோதும் அச்சிட மாட்டோம் என்றார்கள். இன்றைக்கும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கார்டுகள் அதில் பூட்டிக் கிடக்கின்றன.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. குரோனிகிள்ஸில் பெரும்பாலும் பழைய படங்களையே போட்டார்கள். ஓரத்தை மட்டும் வெள்ளையாக்கினார்கள். லெஜண்ட்ஸ் கார்டும் குரோனிகிள்ஸ் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் மலிவான நகல் மாதிரித்தான் இருக்கும். பட்டினி கிடந்து ஒரு கார்டு வாங்கியவன் அதைப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்காமல் என்ன செய்வான்? அந்த 125-க்கும் புதுப் படம் வரைந்து, அதே வேலையைச் செய்கிற வேறு முகமுள்ள கார்டாகக் கொடுத்திருந்தால் கோபம் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் நம்பிக்கை. ஆடுகிறவனுக்குக் கார்டு கிடைத்திருக்கும். சேர்க்கிறவனுக்கு அவனுடைய படம் அவனிடமே இருந்திருக்கும்.

இதற்கு ஒரு பதில் வரும், அது நியாயமான பதில். ஷிவன் டிராகன் கார்டைப் பாருங்கள் என்பார்கள். மெலிசா பென்சன் வரைந்த அந்தப் படத்தோடேயே பதிப்பு பதிப்பாக அச்சிட்டார்கள். ஆனாலும் ஆல்ஃபா என்கிற முதல் பதிப்பின் ஷிவன் டிராகனை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஆக, படம் ஒன்றாக இருந்தால் பழசின் மதிப்பு போய்விடும் என்று சொல்ல முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. இது என்னுடையது என்கிற உணர்வைப் பற்றிப் பேசுகிறேன். விலை தானாகப் பார்த்துக்கொள்ளும். உணர்வைத்தான் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடுமை என்னவென்றால், இன்றைக்கு அந்த வழியும் அடைத்துக் கிடக்கிறது. ரிசர்வ்டு லிஸ்ட் வாக்குறுதி படத்தோடு நிற்கவில்லை. படத்தை மாற்றி, பெயரையே மாற்றினாலும் அதே வேலையைச் செய்கிற கார்டை அதிகாரபூர்வ ஆட்டத்துக்கு அச்சிடக் கூடாது. 2022-இல் முப்பதாம் ஆண்டு விழாப் பதிப்பு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நான்கு பாக்கெட், மொத்தம் 60 கார்டு, 999 டாலர். பின்பக்கம் வேறு, அதிகாரபூர்வப் போட்டியில் ஆட முடியாது. நான் கேட்பது இதற்கு நேர் எதிர். புதுப் படம் போடுங்கள், சாதாரண பாக்கெட்டில் வையுங்கள், மேஜையில் வைத்து ஆட விடுங்கள். அவர்கள் கொடுத்ததோ பழைய ஆட்டத்தின் கார்டுகளை, ஆட முடியாதபடி, கைக்கு எட்டாத விலையில். அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

சரி, எப்படிப்பட்ட புதுப் படம்? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ் கார்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மார்க் பூல் முதலில் வரைந்தது டிராபிக்கல் ஐலண்ட் என்கிற, மனா தருகிற நிலக் கார்டுக்கான படம். அதில் பறவை ரொம்ப எடுப்பாக வந்துவிட்டது, நிலத்தைவிடப் பறவைதான் கண்ணில் பட்டது. ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அந்தப் படத்தை ஒதுக்கிவிட மனமில்லாமல் பறவைக்காகவே ஒரு புதுக் கார்டு உண்டாக்கினார். படத்திலிருந்து கார்டு பிறந்தது! ஒரு பச்சை மனாவுக்கு வருகிற சின்னப் பறவை, பலம் 0, தாங்குதிறன் 1, எந்த நிற மனாவும் கொடுக்கும். இறகில் இத்தனை நிறம் இருக்கிற பறவை எல்லா நிறமும் தருகிறது என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம். 2001-இல் ஏழாம் பதிப்புக்காக எட்வர்ட் பியர்ட் அதே பறவையை வேறு மாதிரி வரைந்தார். அதன் பிறகும் பலர் வரைந்துவிட்டார்கள். ஆனாலும் முதல் படம் தொலைந்துபோகவில்லை. அந்தக் கதையும் அந்தப் படத்தோடேதான் இருக்கிறது.

ஏழாம் பதிப்பு எனக்கு இன்னொரு விதத்தில் முக்கியம். ராத் ஆஃப் காட் கார்டுக்கு ஆல்ஃபாவில் படம் வரைந்தவர் குயின்டன் ஹூவர். ஏழாம் பதிப்பில் கெவ் வாக்கர் வரைந்தார். அதே வாக்கர் 2007-இல் டேம்னேஷன் என்கிற கறுப்புக் கார்டுக்கும் படம் வரைந்தார். மேஜையில் இருக்கிற கிரீச்சர் எல்லாவற்றையும் அழிக்கிற அதே வேலை, நிறம் மட்டும் வெள்ளையிலிருந்து கறுப்பு. படமும் அப்படியே: முன்னது ஒளியென்றால் பின்னது இருள், அமைப்பு ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கார்டைப் படித்துவிட்டு வரைந்த கை அது. பழைய படத்தை மாற்றாமலே இருந்திருந்தால் இந்த ஜோடி கிடைத்திருக்காது.

ஃபோர்ஸ் ஆஃப் வில் அதைவிட அழகான உதாரணம். 1996-இல் டெரீஸ் நீல்சன் வரைந்த படம். 2016-இல் எடர்னல் மாஸ்டர்ஸ் தொகுப்பில் மறுபதிப்பு வந்தபோது புதுப் படம் வரைந்தவரும் அவரே. இருபது வருஷம் கழித்து அதே கார்டுக்கு அதே ஓவியர் திரும்பி வருகிறார். என்னிடம் அந்த 2016 கார்டு இருக்கிறது. பழையதை வாங்க முடியவில்லையே என்கிற குறை அதைக் கையில் எடுக்கும்போது எனக்கு வருவதில்லை.

ஒரு கார்டுக்கு மட்டும் நான் விதிவிலக்கு கேட்பேன். ஸ்டேசிஸ். கார்ஃபீல்டின் அத்தை ஃபே ஜோன்ஸ் வரைந்தது. அவர் சியாட்டிலில் ஓவியராக ஏற்கனவே பெயர் பெற்றவர். கற்பனை உலக ஓவியத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆட்டத்தையே உறைய வைக்கிற கார்டுக்கு அந்தப் புரியாத படம்தான் பொருத்தம். அதற்கு இன்னொரு படத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது, புதுப் படம் என்ற பெயரில் நடக்கிற கூத்து. சில மாதம் முன்பு நான்கு பேராக ஆடிக்கொண்டிருந்தோம். எதிரே இருந்தவர் ஒரு கார்டை இறக்கினார். பளபளவென்று ஒரு படம், பெயர் ஏதோ அலங்கார எழுத்தில், என் பக்கத்திலிருந்து தலைகீழாக. அவர் பெயரைச் சொன்னார், பேச்சு சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. இரண்டு சுற்று கழித்துத்தான் அது ரிஸ்டிக் ஸ்டடி என்று தெரிந்தது. நாம் ஒவ்வொரு மந்திரம் போடும்போதும் ஒரு மனா கூடுதலாகக் கட்டாவிட்டால் அவர் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். நான் கட்டவே இல்லை. அவர் கையில் கார்டு நிறைந்துகொண்டே போனது. அவர் ஏமாற்றவில்லை, நானும் தூங்கவில்லை. பழைய படமாக இருந்திருந்தால் தலைகீழாகக் கிடந்தாலும் நிறத்தை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். வேற்று மொழியில் அச்சான கார்டைக்கூடப் படத்தை வைத்துத்தான் எல்லோரும் ஆடுகிறோம். படம் என்பது அழகுக்கு மட்டும் இல்லை, அது கார்டின் அடையாளச் சீட்டு.

அதனால் ஒரு கார்டுக்குப் பத்து வருஷத்தில் ஒரு புதுப் படம் வந்தால் மகிழ்ச்சி. ஒரே வருஷத்தில் ஐந்து படம் வந்தால் எந்தப் படமும் மனதில் தங்காது. 2019 டிசம்பரில் சீக்ரெட் லேர் என்கிற, புதுப் படங்களோடு வரும் சிறப்பு வெளியீடுகள் தொடங்கிய பிறகு இந்த வேகம் அப்படியே ஏறிவிட்டது. அதில் அருமையான ஓவியங்களும் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெயரையும் மனாவையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கார்டை ஆட்டத்துக்கான கார்டு என்று எப்படிச் சொல்வது? சுவரில் மாட்டுவதற்கென்றால் சந்தோஷமாக வாங்குவேன்.

இன்னொன்று, பழைய படத்தையே எடுத்து ஓசையில்லாமல் திருத்துவது. அன்ஹோலி ஸ்ட்ரெங்த் கார்டில் டக்ளஸ் ஷூலர் வரைந்த படத்தில் பின்னால் எரிகிற ஐங்கோண நட்சத்திரம் இருந்தது. நான்காம் பதிப்பில் நட்சத்திரத்தை மட்டும் காணோம், ஆள் அப்படியே நிற்கிறார். அது பிடிக்கவில்லை என்றால் புதுப் படம் வரையச் சொல்லியிருக்கலாம். ஒருவர் வரைந்த படத்தில் பாதியை அழித்துவிட்டு அவர் பெயரையே கீழே போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போகிமான் கார்டு ஆட்டத்தில் வேறு வழி பிடித்தார்கள். 25-ஆம் ஆண்டுக்காக 2021-இல் செலிப்ரேஷன்ஸ் தொகுப்பில் பழைய கார்டுகளைப் பழைய படத்தோடேயே அச்சிட்டு, படத்தின் மேல் ஒரு 25 முத்திரை குத்தினார்கள். மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த சாரிசார்ட் கார்டும் அதில் உண்டு. முத்திரையைப் பார்த்தாலே எது எந்தக் காலத்தது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். யாரையும் ஏமாற்றாத வழி. ஆனாலும் மேஜிக் மாதிரி ஆட்டத்துக்கு எனக்கு அது போதாது. முத்திரை பழசைக் காப்பாற்றும். புதிதாக ஒன்றைத் தராது.

கடைசியாக ஓவியர்கள். கிறிஸ்டோபர் ரஷ் 2016-இல் காலமாகிவிட்டார். பிளாக் லோட்டஸ் கார்டின் படத்தை வரைந்தவர், மனா சின்னங்களை வடிவமைத்தவர். இனி அவர் கையிலிருந்து புது மின்னல் வராது. ஆனால் கார்டின் அடியில் சின்ன எழுத்தில் அவர் பெயர் இருக்கிறது. மோலர் கார்டில் மோலர் பெயர். ஒவ்வொரு புதுப் படமும் ஒரு ஓவியருக்கு வேலை, கூலி, ஒரு பெயர் வரி. கணினியில் கட்டளை கொடுத்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து இந்த இடத்தில் ஒட்டினால் நான் சொன்ன நியாயம் எல்லாம் அன்றைக்கே செத்துப்போகும். 2023 டிசம்பரில் ஓவியர்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் செய்யக் கூடாது என்று நிறுவனமே அறிவித்தது. அந்த வார்த்தையை விட்டு அவர்கள் ஒரு அடிகூடப் பின்னால் போகக் கூடாது.

தங்கை மகனிடம் இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடியில் இருக்கிற பெயர்களைக் காட்டினேன். இரண்டையும் படித்தான். “ரெண்டு பேருமே கிறிஸ்டோபரா?” என்றான். ஆமாம் என்றேன். ஒரு டெக்கில் (ஒருவர் ஆடுகிற கார்டுக் கட்டில்) நான்கு லைட்னிங் போல்ட் வைக்கலாம், அவனிடம் மூன்றுதான் இருந்தது. முனை பிரிந்த என்னுடையதை ஸ்லீவில் போட்டு நான்காவதாகச் சேர்த்துக்கொண்டான்.